உருவும் உறுதியும்: கொழும்பு வீதிகளிற் குடும்பக் கார்களின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயராலும் போர்களின் ஆண்டாலும் எழுதுவது பழைய முறை. மக்கள் உண்ட உணவு, உடுத்த உடை, குடியிருந்த மனை, ஏறிச் சென்ற ஊர்தி ஆகியவற்றைக் கொண்டு எழுதுவது பின்னர் வந்த முறை. இவ்விரண்டாம் முறைக்கு ஊர்தி மிகச் சிறந்ததொரு சான்றாகும். வையம், பாண்டில், சகடம், தேர் என ஊர்திகளுக்குப் பல பெயரிட்டு வழங்கிய தமிழர், அச்சாணி செவ்வனே அமையாத தேரின் அலங்காரத்தாற் பயனில்லை என்பதையும் நன்கறிந்திருந்தனர். அழகுக்கும் உறுதிக்கும் இடையேயுள்ள வழக்கு அவ்வளவு பழையது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வழக்கு நடுத்தரக் குடும்பத்தினரின் நாற்கதவுக் காரை முன்னிட்டு மீண்டும் எழுந்தது. கொழும்பு மாநகரிலும் களனி ஆற்றின் இருகரையிலும் ஓடிய கார்களைச் சான்றாகக் கொண்டு, உருவம் எது, உறுதி எது, அவற்றை நிருணயிப்பவர் யாவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கொழும்பு ஏற்ற களமாதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, கார்கள் யாவும் கடல்வழி வந்தவை என்பது. இலங்கையின் மோட்டார் வாகனச் சங்கம் 1904 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும், நீண்டகாலம் இந்நாடு தனக்கெனக் கார் செய்யும் நாடாக இருக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள துறைமுகத்தில் ஆங்கிலேயக் காரும் பிரெஞ்சுக் காரும் இத்தாலியக் காரும் அருகருகே இறங்கின. ஒரு நாட்டுக் காரே வீதியை ஆண்ட இடங்களிற் காணமுடியாத ஒப்புமை இங்கே இயல்பாகவே அமைந்தது.

இரண்டாவது காரணம் தட்பவெப்பநிலை. வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து மேற்கே செல்லும் ஒழுங்கைகள் கடலை நோக்கி முடிகின்றன. அங்கே இரவில் வெளியே நிற்கும் வண்டியின் மேல் உப்புக்காற்று ஓய்வின்றிப் படிகின்றது. 1895 ஆம் ஆண்டு அமைந்த விக்ரோறியாப் பாலத்தை அக்காலத்திற் கடந்து களனிப் பக்கம் சென்றோர்க்குத் தாழ்நிலமும் வெள்ளமும் எதிர்ப்பட்டன. இங்கிலாந்தின் குளிருக்கென வகுத்த வண்டிக்கு இவை புதிய பகைகள்.

மூன்றாவது காரணமே தலையாயது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அந்நிலை ஏறத்தாழ நீடித்தது. பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்கும் வழக்கம் நின்றது. உள்ள காரை ஓடச்செய்வதே ஒரே வழியாயிற்று. விஞ்ஞானிகள் பரிசோதனைச்சாலையிற் செய்ய விரும்பும் சோதனையைச் செலாவணி நெருக்கடி வீதியிற் செய்துவிட்டது.

முதலில் உருவத்தை நோக்கற்பாலது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இங்கிலாந்து அந்நியச் செலாவணி தேடித் தன் கார்களைக் கடல்கடந்து அனுப்பிற்று. ஒஸ்ரின் நிறுவனம் தன் கார்களுக்கு டெவன், டோசெற், சொமசெற் என ஆங்கில நாட்டுக் கோட்டங்களின் பெயர்களைச் சூட்டியது. 1952 முதல் 1954 வரை வெளிவந்த ஏ40 சொமசெற், பருத்த தோளும் உருண்ட முதுகும் உடையது. கோணம் என்பது அதன் உடலில் அரிது. பின்னர் அந்நிறுவனம் கோட்டத்தை விட்டுப் பல்கலைக்கழகத்தை நாடிற்று. 1954 இற் கேம்பிறிட்ஜ் என்னும் பெயருடன் ஏ40, ஏ50 கார்கள் வந்தன. ஒக்ஸ்போட் என்னும் பெயர் மொரிஸ் நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தது. அதன் தொழிற்சாலை ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலியில் அமைந்திருந்தமையால் அப்பெயர் பொருத்தமானதே. இவ்வாறு, அப்பல்கலைக்கழகங்களின் வாயிலைக் கண்டறியாத ஆசிரியரும் எழுதுவினைஞரும் கொழும்பிலே கேம்பிறிட்ஜிலும் ஒக்ஸ்போட்டிலும் அமர்ந்து கடமைக்குச் செல்லும் பேறு பெற்றனர்.

அக்காலத்தில் அமெரிக்காவில் உருவம் என்பது தனியொரு துறையாக வளர்ந்துவிட்டது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1927 இலே கலைக்கும் நிறத்துக்குமெனத் தனிப்பிரிவு வகுத்து, ஹாலி ஏர்ள் என்பாரை அதன் தலைவராக்கிற்று. காரின் உருவத்தை ஆண்டுதோறும் மாற்றினாற் சென்ற ஆண்டுக் கார் ஓடக்கூடியதாயினும் பழையதாகத் தோன்றும். தோன்றவே உடையவர் புதியது வாங்குவர். இதுவே அம்முறையின் சூக்குமம். 1948 ஆம் ஆண்டுக் கடிலாக் காரின் பின்புறத்தில் விமானத்தைப் பார்த்துச் செய்த சிறு துடுப்புகள் தோன்றின. அவை ஆண்டுக்காண்டு வளர்ந்து 1959 இல் உச்சத்தை எய்தின. இதற்கு நேர்மாறான கொள்கையுடையவர் ஹென்றி போட். அவருடைய ரி மாதிரிக் கார் 1908 முதல் 1927 வரை பெரும்பாலும் ஒரே தன்மையதாய், ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியாயிற்று. உருவத்தின் பக்கம் ஒருவரும் உறுதியின் பக்கம் ஒருவரும் நின்ற இவ்வழக்கு அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது.

இவ்வழக்கை ஆராய்வதற்கு வரலாறு வியத்தகு வாய்ப்பொன்றைத் தந்துள்ளது. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் பினின் பாரினா என்னும் உருவமைப்பு நிறுவனம் புகழ்பெற்று விளங்கிற்று. ஒஸ்ரினும் மொரிசும் 1952 இல் ஒன்றிணைந்து தோன்றிய பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் தன் குடும்பக் காருக்கு உருவம் தருமாறு அந்நிறுவனத்தை நாடியது. அதன் விளைவாக 1959 இல் ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜின் இரண்டாம் வடிவம் வந்தது. அதே உடல் முகப்புச் சட்டமும் அலங்காரமும் மாறி மொரிஸ் ஒக்ஸ்போட், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. ஆகிய பெயர்களிலும் விற்கப்பட்டது. ஓருடலுக்கு ஐந்து பெயர்! மறு ஆண்டாகிய 1960 இற் பிரான்சு நாட்டுப் பேஜோ நிறுவனம் தன் 404 காரை வெளியிட்டது. அதற்கு உருவம் தந்ததும் பினின் பாரினாவே. நேர்கோடுகளாலான பக்கமும் பின்புறத்திற் சிறு துடுப்பும் கொண்ட இவ்விரு கார்களையும் தொலைவிலிருந்து காண்போர் உடன்பிறந்தவை என்றே கருதுவர். உருவம் ஒன்றாகிவிட்டமையால், எஞ்சிய வேறுபாடு முழுவதும் உள்ளீட்டைச் சார்ந்ததாயிற்று.

அவ்வுள்ளீடு யாது? கேம்பிறிட்ஜின் எஞ்சின் 1,489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. 1961 இல் ஏ60 வந்தபோது 1,622 ஆக உயர்த்தப்பட்டது. அது முழுவதும் வார்ப்பிரும்பாலான எளிய எஞ்சின். பின் அச்சைத் தாங்குவன இலைவில்கள். மாட்டுவண்டிக் கொல்லனும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்ளக்கூடிய அமைப்பு. பேஜோ 404 இன் எஞ்சின் 1,618 கன சென்ரிமீற்றர் கொண்டது. 45 பாகை சரிந்து கிடப்பது. அதன் தலை அலுமினியத்தாலானது. சிலிண்டர்களுக்குக் கழற்றி மாற்றக்கூடிய தனி உறைகள் உண்டு. குளிர்நீர் அவ்வுறைகளின் புறத்தைத் தொட்டுச் செல்லும். பின் அச்சுக்கு இலைவில்லன்றிச் சுருள்வில்லும், பற்சக்கரத்துக்குப் பதிலாகப் புரியாணி போன்ற இயக்கமும் அமைந்தன. சுருங்கக்கூறின், ஒன்று பழகிய வழியிற் சென்றது. மற்றது நுண்ணிய சிந்தனையால் விளைந்தது.

வீதியிலே கிட்டிய தீர்ப்பைத் தேடுவோர் கிழக்காபிரிக்கச் சபாரிப் போட்டியைச் சுட்டுவர். புழுதியும் சேறும் பள்ளமும் நிறைந்த அந்நெடுவழியில் பேஜோ 404 ஆனது 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. 1963 இலும் 1968 இலும் போட்டியை முற்றாக ஓடி முடித்த வண்டிகள் ஏழேயாம். அத்தகைய வழியில் நான்குமுறை வென்ற வண்டியை உறுதியானது என்னாது வேறென்னென்பது? 1975 இற் பிரான்சில் இக்காரின் உற்பத்தி முடிவுற்றபின்பும் கென்யாவில் அது தொடர்ந்தது. உலகெங்கும் செய்யப்பட்டவை 28 இலட்சத்துக்கும் மேற்பட்டவை.

ஆயினும், சபாரிப் போட்டி சில நாட்களில் முடிவது. கொழும்பின் சோதனையோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. போட்டியிலே பாகம் உடைந்தாற் புதிய பாகத்துடன் ஏவலாளர் காத்திருப்பர். கொழும்பிலே பாகம் வருவதற்குச் செலாவணி வேண்டும். செலாவணிக்கு அனுமதி வேண்டும். இங்கேதான் உறுதி என்னும் சொல் இரு பொருளாகப் பிரிகின்றது. தேயாதிருத்தல் ஓர் உறுதி. தேய்ந்தபின் திருத்தப்படத்தக்கதாய் இருத்தல் மற்றோர் உறுதி.

சிலிண்டர் தேய்வு இதற்குத் தக்க உதாரணமாகும். பேஜோவின் சிலிண்டர் தேய்ந்தாற் பழைய உறையைக் கழற்றிப் புதிய உறையைப் பொருத்துவதே விதி, எஞ்சினைக் கடையவேண்டியதில்லை. மிக நேர்த்தியான ஏற்பாடு இது. ஆனாற் புதிய உறை கையில் இருத்தல் வேண்டும். ஒஸ்ரினின் வார்ப்பிரும்பு எஞ்சின் தேய்ந்தாற் கடைசல் இயந்திரத்திற் சிலிண்டரைச் சிறிது அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பருமனுடைய பிஸ்ரனைப் பொருத்தலாம். மேலும் தேய்ந்தால் இரும்புக் குழாயொன்றை உள்ளே இறுக்கிப் பழைய அளவுக்கே மீட்கலாம். பிரெஞ்சு அமைப்பு களஞ்சியத்தை நம்பியது. ஆங்கில அமைப்பு கொல்லனை நம்பியது. களஞ்சியம் வெறுமையானபோது கொல்லனே எஞ்சினான். இதனாற் பேஜோ தோற்றது என்று கொள்ளற்க. அது குறைவாகத் தேய்ந்தமையாற் கொல்லனிடம் குறைவாகவே சென்றது. இரு கார்களும் வெவ்வேறு வழிகளிற் பிழைத்தன என்பதே உண்மை.

மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை இவ்வரலாற்றில் தனியிடம் பெறவேண்டியது. பழைய கார்களைப் பிரித்து, பாகம் பாகமாக விற்கும் கடைகள் அங்கே வரிசையாக அமைந்தன. இறந்த கார் ஒன்று பத்துக் கார்களில் மீண்டும் வாழும் இடம் அது. பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத்தின் கார்கள் பலவும் ஒரே எஞ்சினைக் கொண்டிருந்தமையால், ஒக்ஸ்போட்டின் பாகம் கேம்பிறிட்ஜுக்கு உதவியது. ஐந்து பெயரிட்டு விற்ற வாணிகத் தந்திரம், செய்தவர் கருதாத வகையில், கொழும்புக் குடும்பங்களுக்கு நன்மையாய் முடிந்தது.

எஞ்சினை மீட்கலாம், உடலை மீட்பது அதனினும் அரிது. சொமசெற் காரில் தாங்குசட்டம் வேறு, உடல் வேறு. உடல் துருப்பிடித்தாலும் சட்டம் சுமையைத் தாங்கும். 1954 இன் கேம்பிறிட்ஜ் முதலாயின ஓருடற் கட்டமைப்பின. தகடே சட்டத்தின் வேலையையும் செய்வது. ஆதலின், கதவடியிலும் சக்கர மறைப்பிலும் புகும் துரு அழகைக் கெடுப்பதோடு நில்லாது வண்டியின் முதுகெலும்பையே அரிக்கும். வெள்ளவத்தையின் உப்புக்காற்றுக்கு இது நல்ல இரை. துருவை வெட்டி, புதுத்தகடு ஒட்டி, தட்டிச் சமனாக்கி, வர்ணம் பூசுபவரை இந்நாட்டார் ரிங்கர் வேலைக்காரர் என்பர். தூரின் நகரத்தார் வரைந்த கோட்டை, வரைபடம் எதுவுமின்றிக் கண்ணாலும் சுத்தியலாலும் மீட்டவர் அவர். இவ்வகையில் உருவத்துக்கும் அவரே காவலராயினார்.

காரின் உடலிலே அரசியலும் எழுதப்பட்டது. 1957 ஆம் ஆண்டு முதற் புதிய வாகனங்களின் இலக்கத்தகட்டில் இலத்தீன் எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து இடம்பெற்றது. தமிழர் அதனை எதிர்த்துப் போராடினர். அதனால், பழைய காரொன்றின் தகட்டைப் பார்த்த அளவில் அது அவ்வாண்டுக்கு முற்பட்டதா பிற்பட்டதா எனக் கூறலாம். காரின் வடிவம் உற்பத்தி ஆண்டைக் காட்டும். தகடு நாட்டின் ஆண்டைக் காட்டும். 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்பிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது அவர்தம் வண்டிகளும் எரிக்கப்பட்டன. இருபது, முப்பது ஆண்டுகள் துருவையும் தேய்வையும் வென்ற கார்கள் ஒரு நாழிகையில் இரும்புக்கூடாயின. எந்தத் தொழிற்சாலையின் உறுதியும் அத்தீயைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டதன்று.

உறுதியின் மிகக் கடுஞ்சோதனை வடக்கே நிகழ்ந்தது. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைசெய்யப்பட்டது. அப்போது ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொரிஸ் மைனர் முதலிய பழங்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதன் காரணம் வெளிப்படை. மண்ணெண்ணெய் குளிர்நிலையில் எளிதில் ஆவியாகாது; மிகுந்த அமுக்கத்தில் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும். சொமசெற் காரின் அமுக்க விகிதம் 7.2 இற்கு 1 என்னும் தாழ்ந்த அளவினது. எனவே, சிறிதளவு பெற்றோல் கொண்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் வண்டி ஓடும். புகை மிகும், வலுக் குறையும், ஆயினும் நோயாளி வைத்தியசாலையை அடைவார், மணமகள் மண்டபத்தை அடைவாள். மின்கலம் நலிந்தவிடத்துக் கைச்சுழற்றியால் முடுக்கும் வசதியும் இக்கார்களில் இருந்தது. நாகரிகம் பழையதென ஒதுக்கிய வண்டி, நாகரிகப் பொருள் யாவும் இல்லாதொழிந்த காலத்திற் பயன்பட்டது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததும் இங்கு ஒப்புநோக்கற்குரியது. 1948 இல் தோன்றிய அசோக் மோட்டர்ஸ் நிறுவனம் சென்னைக்கு அண்மையில் எண்ணூரிலே முதன்முதல் ஒன்றுசேர்த்த வண்டி இதே ஒஸ்ரின் ஏ40 ஆகும். மொரிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வடிவம் 1950களின் பிற்பகுதியில் அம்பாசடர் என்னும் பெயருடன் வங்காளத்து உத்தரபாராவிற் பிறந்து, 2014 வரை உற்பத்தியாயிற்று. இங்கிலாந்திலே சில ஆண்டுகளில் நின்றுபோன உருவம் இந்தியாவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இதனை உறுதிக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆனால், மாதிரியின் ஆயுள் வேறு, வண்டியின் ஆயுள் வேறு. போட்டியின்றிப் பாதுகாக்கப்பட்ட சந்தையில் மாற்றம் செய்யாதிருப்பதற்குத் திறமை வேண்டியதில்லை. 1983 இல் மாருதிக் கார் வந்தபின் மக்கள் அதன்பாற் சென்றமை இதனைத் தெளிவாக்கும்.

வரலாற்று மாணவர் ஈண்டு மேலும் இரண்டு எச்சரிக்கைகளை மனத்திற்கொள்ளல் வேண்டும். இன்று வீதியில் ஓடும் பழைய கார்கள் எஞ்சியவை. எஞ்சாதவை கண்ணுக்குப் புலப்படா. பிழைத்த பத்தைக் கண்டு, அழிந்த நூற்றை மறந்து, பழைய கார்கள் யாவும் உறுதியானவை என முடிபுகட்டல் தவறாகும். அன்றியும், வண்டியின் உறுதி வேறு, அதனுள் இருப்போரின் பாதுகாப்பு வேறு. ஆசனப்பட்டியின் மும்முனை வடிவம் 1959 இலேயே சுவீடனின் வொல்வோ காரில் வந்துவிட்டது. அக்காலக் குடும்பக் கார்கள் பெரும்பாலானவற்றில் அஃதில்லை. மோதும்போது முன்புறம் மடிந்து அதிர்ச்சியைத் தான் ஏற்கும்படி இக்காலக் கார் அமைக்கப்படுகின்றது. அம்மடிதலைக் கண்டு புதிய தகடு மெலிந்தது என நகைப்போர், தகடு மடிவதனால் உயிர் பிழைப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1977 இற்குப் பின் யப்பானியக் கார்கள் கொழும்பை நிறைத்தன. டற்சன் புளூபேட் 1970 ஆம் ஆண்டுச் சபாரிப் போட்டியில் வென்று, பேஜோ பெற்ற புகழுக்குப் பங்காளியாகிவிட்டிருந்தது. பின்னர் டொயோற்றா கொறோலாவும் பிறீமியோவும் ஆசிரியர், வைத்தியர், வணிகர் ஆகியோரின் குடும்பக் கார்களாயின. அவை அரிதிற் பழுதுறுவன. பழுதுற்றாற் கணினியைக் கேட்டே காரணம் அறியவேண்டியிருப்பன. 2016 மே மாத வெள்ளம் களனி ஆற்றுக் கரையோரங்களை மூழ்கடித்தபோது இவ்வேறுபாட்டை மக்கள் கண்டனர். பழைய வண்டியாயின் எண்ணெயை வடித்து, மின்பொறிப் பகுதியைத் துடைத்துக் காயவைத்து மீட்க இடமுண்டு. இலத்திரனியற் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் நீர் புகுந்த புதிய வண்டிக்கு அப்பெட்டியே புதிதாக வேண்டும். 2020 இற் செலாவணி இன்மையால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் கார்களுக்கு வழி திறக்கப்பட்டது. 1960களின் பாடத்தை நாடு இரண்டாம் முறை படித்தது. கலப்பு மின்கார்களின் மின்கலத் தொகுதியைப் பிரித்து, பழுதான அறையை மட்டும் மாற்றக் கற்ற புதிய கைவினைஞர் இக்காலத்திலும் தோன்றினர். கொல்லன் மறையவில்லை, கருவியை மாற்றிக்கொண்டான்.

இதுகாறும் கூறியவற்றால் துணியப்படுவது யாதெனின், உருவம் காரின் காலத்தைக் காட்டுமேயன்றி அதன் ஆயுளைக் காட்டாது. ஒரே கையால் உருவம் பெற்ற கேம்பிறிட்ஜும் பேஜோவும் இதற்குச் சான்று. உறுதியோ தொழிற்சாலையில் முற்றுப்பெறுவதன்று. செய்தவனிடம் பாதியும் திருத்துபவனிடம் பாதியுமாக அது பகிர்ந்து கிடக்கின்றது. உருவமைத்த பினின் பாரினாவின் பெயர் நூல்களில் உண்டு. சபாரியில் வென்ற ஓட்டுநரின் பெயரும் உண்டு. ஆனால், மூன்று தலைமுறைகளாக இந்நாட்டின் குடும்பக் கார்களை ஓடச்செய்த கடைசற்காரர், ரிங்கர் வேலைக்காரர், மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டக் கண்டறிந்த யாழ்ப்பாணத்துக் கராச் உரிமையாளர் ஆகியோரின் பெயர்கள் எந்த நூலில் உள்ளன? அவர்களுட் பலர் மூத்துவிட்டனர்; அவர்தம் அறிவு ஏட்டிலன்றிக் கையிலே தங்கியுள்ளது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் களனியிலும் வதியும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் அயலிலுள்ள ஒரு கராச்சுக்குச் சென்று, அங்குள்ள முதியவர் கூறுவதை ஆண்டும் பெயரும் குறித்து எழுதிவைப்பாராயின், அது துருப்பிடியாத ஒரு வரலாற்றுச் சேவையாகும். கார்கள் ஒருநாள் ஓட்டம் ஓய்வனவே. அவற்றை ஓட்டிய அறிவு ஓயாதிருத்தல் எழுதுவோர் கையிலுள்ளது.